பிரமிடு கட்டியவர்களின் கணக்கை மறைக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் எகிப்தின் கீசாவிலுள்ள பெரிய பிரமிடு பற்றி வந்த கட்டுரையில், அதன் அளவுகளுக்குள் வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் பை (π) மதிப்பை ஒளித்து வைத்தது மனித அறிவாக இருக்க முடியாது என்ற வரியைப் படித்ததிலிருந்து என் மனம் ஆறவில்லை. பிரமிடின் அடிச் சுற்றளவை அதன் உயரத்தின் இருமடங்கால் வகுத்தால் ஏறக்குறைய பை கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது எப்படிக் கிடைக்கிறது என்பதற்கு அந்த முழுப்பக்கத்தில் ஒரு வரிகூட இடமில்லாமல் போயிற்று.

தாங்கள் அறியாததல்ல. எகிப்தியரின் அரச முழம் 7 கையகலம். கையகலத்துக்கு 4 விரற்கடை. ஆக, முழத்துக்கு 28 விரற்கடை. ஒரு முழம் உயரும்போது எத்தனை விரற்கடை உள்வாங்க வேண்டும் என்பதையே அவர்கள் சாய்வாகக் கொண்டார்கள்; அதற்கு செகெட் என்று பெயர். மன்னர் கூஃபுவுக்காகக் கட்டப்பட்ட இந்தப் பெரிய பிரமிடுக்கு அது 22 விரற்கடை. உயரம் 280 முழம், அடிப்பக்கத்தில் பாதி 220 முழம், முழு அடிப்பக்கம் 440 முழம் என்று அமைந்ததும் அதனால்தான். சுற்றளவான 1760-ஐ உயரத்தின் இருமடங்கான 560-ஆல் வகுத்தால் 22/7 தானாக வந்து நிற்கிறது. என் மாணவர்கள் வரைபடத்தாளில் 28 கட்டம் மேலே, 22 கட்டம் பக்கவாட்டில் எண்ணிக் கோடு இழுத்துப் பார்த்தே இதைப் புரிந்துகொள்கிறார்கள். அவர்களில் ஒருத்தி தங்கள் இணைப்பிதழை நீட்டி, "பேப்பர்ல வேற மாதிரி போட்டிருக்கே டீச்சர்?" என்று கேட்டபோது எனக்கு எவ்வளவு வேதனையாக இருந்தது என்பதைத் தாங்கள் உணர வேண்டும்.

பை ஒரு மறைபொருள் என்றால், கூஃபுவின் மகன் காஃப்ரேயின் பிரமிடில் அது ஏன் இல்லை? அங்கே சாய்வு 21 விரற்கடை. அதே முறையில் வகுத்தால் 3 வருகிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள பழைய எகிப்தியக் கணக்குச் சுருளான ரிண்ட் பாப்பிரஸில் செகெட் கணக்குகள் வரிசையாக இருக்கின்றன. வட்டத்தின் பரப்புக்கோ, விட்டத்தில் ஒன்பதில் ஒரு பங்கைக் கழித்து மீதியை வர்க்கப்படுத்தும் வேறொரு வழி அதே சுருளில் இருக்கிறது. 1864-இல் வானியலாளர் பியாஸி ஸ்மித், பிரமிடு ஒரு தனி அளவுகோலால் கட்டப்பட்டது என்னும் பிரமிடு அங்குலம் என்ற கொள்கையைப் பரப்பினார். அதில் ஈர்க்கப்பட்டு 1880-இல் கீசாவுக்கு அளக்கச் சென்ற தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரியின் அளவுகளே அதைப் பொய்யாக்கின. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அதையே புதிய கண்டுபிடிப்பாகப் படிக்க நேர்கிறது.

முன்பு, பிரமிடு நிற்கும் அட்சரேகையின் எண்ணில் ஒளியின் வேகம் எழுதப்பட்டிருப்பதாகத் தாங்கள் வெளியிட்டபோதும் எழுதினேன். ஒளியின் வேகத்தை மீட்டரில் சொல்கிறோம். அந்த மீட்டரே 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் பிறந்தது. அந்தக் கடிதத்துக்குப் பதில் இல்லை. அடிமைகள் கட்டியதாக எழுதிய கட்டுரையிலும், 1990-இல் பிரமிடுகளுக்கு அருகிலேயே வெளிப்பட்ட தொழிலாளர் கல்லறைகளைப் பற்றிப் பேச்சே இல்லை. கல்லறை கட்டிக் கௌரவிக்கப்பட்ட அந்த மனிதர்களின் உழைப்பை ஒரு முறையும், அவர்களுடைய அறிவை மறுமுறையும் பறிக்கிறோம்.

முழுப்பக்கம் கேட்கவில்லை. அடுத்த இணைப்பிதழில் ஏதாவது ஒரு மூலையில், 28, 22 என்ற எண்களோடு அந்தச் செங்கோண முக்கோணத்தை மட்டும் அச்சிட்டு உதவுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கணித ஆசிரியை