விதி என்று எழுதுமுன் நாட்களை எண்ணிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சேராமல் போன காதலர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரை, அம்பிகாபதி, கோவலன், ரோமியோ என்று மூவர் கதையையும் சொல்லி, மூன்றுக்கும் "விதி வலியது" என்று ஒரே முத்திரை குத்தியிருந்தது. வேறு சாதியிலோ வேறு மதத்திலோ மனத்தைக் கொடுத்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் இந்தப் பெங்களூரில் நிற்கும் தமிழ்ப் பிள்ளைகளும் அதைப் படித்திருப்பார்கள். அவர்களை நினைத்தே இந்தக் கடிதம்.

அம்பிகாபதி கதை என்ன சொல்கிறது? சிற்றின்பம் கலவாமல் நூறு பாட்டுப் பாடினால் சோழ இளவரசி அமராவதி அவனுக்கு. மறைவில் இருந்து அவள் ஒவ்வொரு பாட்டாக எண்ணுகிறாள். தொடக்கத்தில் கடவுளை வேண்டிப் பாடும் காப்புச் செய்யுளையும் கணக்கில் சேர்த்துவிடுகிறாள். தொண்ணூற்றொன்பதாவது பாட்டிலேயே நூறு ஆயிற்று என்று எட்டிப் பார்க்கிறாள். அவனும் அவளைப் பார்த்துவிடுகிறான், பாட்டு மாறுகிறது, உயிர் போகிறது. செவிவழிக் கதைதான். ஆனால் அந்தச் சாவுக்குக் காரணமாக நம் முன்னோர் அதில் ஒரு கிரகத்தையும் வைக்கவில்லை. எண்ணிக்கை எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போனதைத்தான் வைத்தார்கள்.

சிலம்பில் "ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும்" என்பதை மேடைதோறும் முழங்குகிறோம். பதிகம் சொல்லும் மூன்று உண்மைகளில் அது மூன்றாவது. "அரைசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற்று ஆவதூஉம்" என்பது முதலாவது. கொலைக்களக் காதையை மெதுவாகப் படித்தால் அந்த முதலாவது எவ்வளவு கனம் என்று புரியும். ஊடிப்போன கோப்பெருந்தேவியைத் தேற்றப் போகிற வழியில் பொற்கொல்லன் வந்து காலில் விழுகிறான். பாண்டியனுக்கு நின்று விசாரிக்கப் பொறுமையில்லை. "கொன்று அச்சிலம்பு கொணர்க" என்கிறான். போன காவலர்கள் கோவலனைப் பார்த்ததும் தயங்குகிறார்கள், இவன் கொலைப்பட வேண்டியவன் அல்லன் என்று வாய்விட்டே சொல்கிறார்கள். ஒருவர் திரும்பிப் போய் மன்னனைக் கேட்டிருக்கலாம். அதற்குள் கல்லாக் களிமகன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்துப் பார்க்க ஒரு நொடி போதும். அந்த நொடியை யாரும் செலவழிக்கவில்லை. முற்பிறப்புப் பழியையும் இளங்கோ சொல்கிறார்தான். அது மதுராபதி வாயால், நகரம் தீப்பற்றிய பிறகு வருகிறது. அதற்கு முன்பே கண்ணகி "தேரா மன்னா" என்று கேட்டுவிட்டாள். அவனும் விதியின் பின்னால் ஒளியவில்லை, "யானோ அரசன் யானே கள்வன்" என்று விழுந்தான்.

ஷேக்ஸ்பியர் நட்சத்திரங்களைக் குறை சொல்லித்தான் ரோமியோ-ஜூலியட் கதையைத் தொடங்குகிறார். உள்ளே போனால் வேறு கணக்கு. செத்தவள்போல் கிடக்க ஜூலியட் குடிக்கும் மருந்தின் மயக்கம் 42 மணி நேரம். வேறொருவனோடு வியாழக்கிழமைக்கு வைத்த கல்யாணத்தை அவள் அப்பா புதனுக்கு முன்தள்ளியதில் ஒரு நாள் கைவிட்டுப் போகிறது. இந்தத் திட்டத்தைச் சொல்லும் கடிதத்தை ரோமியோவுக்குக் கொண்டுபோன துறவியை, நோய் பரவிய வீடு என்று பூட்டி வைத்துவிடுகிறார்கள். இருந்தது ஒரே கடிதம், ஒரே தூதர். அவர் போகாததால், அவள் இறந்துவிட்டாள் என்ற பொய்யான செய்தி வேலைக்காரன் மூலம் முதலில் போய்ச் சேருகிறது.

இதே பிழைகள் இன்று ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் நடக்கின்றன. அல்சூர் ஏரிக்கரை வள்ளுவரை விதிக்கும் சாட்சி சொல்ல அழைப்பார்கள், முயற்சிக்கும் அழைப்பார்கள். அந்த வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். எங்கே சறுக்குகிறது என்பதைப் பார்ப்போம்.

ரிஜிஸ்டர் கல்யாணம் என்று நாம் சொல்வதே இரண்டு விதம். இருவரும் இந்துக்களாக இருந்து, சடங்கோடு மணம் முடித்துவிட்டு அதைப் பதிவது ஒன்று. சடங்கே நடக்காமல் சான்றிதழ் மட்டும் வாங்கினால் இந்து திருமணச் சட்டப்படி அது கல்யாணம் ஆகாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்று ஏஜெண்ட் நீட்டும் தாளை நம்பிப் பிறகு கோர்ட்டில் நிற்க முடியாது. மாலை மாற்றிக்கொண்டாலே போதும் என்கிற சுயமரியாதைத் திருமணம், 1967இல் தமிழ்நாடு அந்தச் சட்டத்தில் கொண்டுவந்த 7ஏ பிரிவு. கர்நாடகத்தில் அந்தப் பிரிவு கிடையாது. ஓசூரில் மாலை மாற்றினால் செல்லும். அதையே அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கம் செய்தால் சட்டத்தின் துணை இல்லை. ஓசூரில் செய்தவர்கள் 90 நாளுக்குள் தமிழ்நாட்டிலேயே பதிந்துகொள்ள வேண்டும். சொந்தபந்தம் எல்லாம் பெங்களூரில் இருக்கிற தமிழர்கள் இதில் நிறையவே ஏமாறுகிறார்கள்.

மதம் வேறு என்றாலும், சடங்கே வேண்டாம் என்றாலும் வழி, அந்த இரண்டாவது விதம், 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். இங்கே சப் ரிஜிஸ்திராரே திருமண அலுவலர். பையனுக்கு 21, பெண்ணுக்கு 18 நிறைந்திருக்க வேண்டும். பெண்ணுக்கு ஒரு நாள் குறைந்தாலும் அவர்கள் ஒன்றாக வாழ்ந்தது போக்சோ (சிறார்மீதான பாலியல் குற்றம்) வழக்காக வந்து நிற்கும். காப்புச் செய்யுள் பிழை இந்தச் சட்டத்தில்தான் அச்சு அசலாகத் திரும்ப வருகிறது, ஏனென்றால் இதில் மூன்று எண்ணிக்கைகள் இருக்கின்றன. மணக்கப் போகிறோம் என்று அலுவலரிடம் நோட்டீஸ் கொடுக்கும் முன் இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். இது முதல் எண்ணிக்கை. நோட்டீஸ் பலகையில் ஒட்டிய நாளிலிருந்து ஆட்சேபத்துக்கு 30 நாள், இது இரண்டாவது. விண்ணப்பத்தை நீட்டிய நாளிலிருந்து பிள்ளைகள் எண்ணுகிறார்கள், அலுவலகம் ஒட்டிய நாளிலிருந்து எண்ணுகிறது. ஆகவே எந்தத் தேதியில் ஒட்டினார்கள் என்று நேரில் போய்ப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் நடந்துவிட வேண்டும். தவறினால் நோட்டீஸ் காலாவதி, திரும்பவும் முதலிலிருந்து. புதிதாக ஊருக்கு வந்தவர்களுக்கு மொத்தத்தில் இரண்டு மாதம் ஓடிவிடும். முப்பதே நாள் என்று நம்பி வந்தவர்களுக்கு லீவும் கையிருப்பும் பாதியிலேயே தீர்ந்து போகிறது.

அதைவிட ஆபத்தான இடம் ஒன்று உண்டு. விண்ணப்பப் படிவத்தில் இப்போதைய இருப்பிடம் ஒரு பத்தி, நிரந்தர இருப்பிடம் இன்னொரு பத்தி. ஆதாரில் இருக்கிறதே என்று சேலத்தையோ திருப்பத்தூரையோ நிரந்தர முகவரியாக எழுதினால், சட்டப்படி நோட்டீஸின் நகல் அந்த மாவட்ட அலுவலகத்துக்கும் போய் அங்கும் ஒட்டப்படும். ஊர்க்காரர் ஒருவர் கண்ணில் பட்டால் அன்று சாயங்காலமே வீட்டுக்குத் தெரிந்துவிடும். உண்மையிலேயே பெங்களூரில் நிலையாகக் குடியிருப்பவர்கள் முதலில் ஆதாரை இங்கே மாற்றிக்கொண்டு, வாடகை ஒப்பந்தத்தையும் கையில் வைத்துக்கொண்டு பிறகு நோட்டீஸ் கொடுப்பது நல்லது. பி.ஜி. விடுதி ரசீது பெரும்பாலும் எடுபடாது. வயதுச் சான்று, முகவரிச் சான்று, போட்டோ, முன்பு மணமானவர் என்றால் விவாகரத்துத் தீர்ப்பு அல்லது இறப்புச் சான்று, கல்யாணத்தன்று மூன்று சாட்சிகள். பலருடைய அசல் சான்றிதழ்கள் ஊரில் அப்பாவின் பீரோவில் இருக்கும். அதை எடுக்கப் போய் அறைக்குள் அடைபட்ட பெண்கள் உண்டு.

ஆட்சேபம் வந்தால் பயந்துவிடக் கூடாது. ஏற்கெனவே துணை உயிரோடிருப்பது, மனநலம் சார்ந்த தகுதி, வயது, விலக்கப்பட்ட உறவு, இவைதான் சட்டம் ஏற்கும் காரணங்கள். சாதி அதில் இல்லை. அப்பா அம்மா சம்மதம் இல்லை என்பதும் இல்லை, ரஜ்ஜு தட்டுகிறது என்பதும் இல்லை. அலுவலர் 30 நாளில் விசாரித்து முடிக்க வேண்டும். பாதகமாக முடிவெடுத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் முறையிட இன்னொரு 30 நாள் இருக்கிறது.

அடுத்தது போலீஸ். போனை அணைத்துவிட்டுப் போவதால்தான் பல வீடுகளில் "காணவில்லை" புகார் வருகிறது. வயது வந்தவர், சொந்த விருப்பத்தில் வந்தேன் என்று தேதி போட்டு, கையெழுத்திட்டு, உள்ளூர் ஸ்டேஷனுக்கு ஒன்று, வீட்டுப் பக்க ஸ்டேஷனுக்கு ஒன்று, வக்கீலிடம் ஒன்று என்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட வேண்டும். ஒரே தூதரை நம்பி ஜூலியட் பட்டது போதும். கர்நாடகத்திலிருந்து போன ஒரு வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவர் மணக்கக் குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்று சொன்னது. 2018 தீர்ப்பு ஒவ்வொரு மாவட்டத்திலும் தனிப் பிரிவும் உதவி எண்ணும் வேண்டும் என்றது. வக்கீல் மூலம் இந்த இரண்டு தீர்ப்பையும் மனுவில் குறிப்பிட்டுப் பாதுகாப்புக் கேட்கலாம். மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம், முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 164ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தின் 183ஆம் பிரிவு. அதைக் கொடுத்துவிட்டால் கடத்தல் புகார் பெரும்பாலும் நிற்காது. "வீட்டுக்கு வா, ஊரறிய நல்லபடியா செஞ்சு வைக்கிறோம்" என்று போன் வந்தால், பேச்சு ஸ்டேஷனிலோ வக்கீல் ஆபீஸிலோ, இருவரும் சேர்ந்திருக்கும்போது மட்டும். பெண்ணைத் தனியாக அனுப்பாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். காதலர் தற்கொலைச் செய்திக்கு "விதி விளையாடியது" என்று தலைப்பு வைப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். தற்கொலைச் செய்திகளை எழுதும் முறைக்கு இந்தியப் பத்திரிகை கவுன்சிலே 2019இல் நெறிகள் வகுத்திருக்கிறது. அந்தச் செய்தியின் அடியில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அச்சிடுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கியது, நம் ஊர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம்தான் அதற்குத் தலைமை மையம். இரவு எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு.