காலண்டர் தாளின் பின்பக்கம்

ஆசிரியருக்கு வணக்கம்.

அடித்து நொறுக்கும் கணவனிடமிருந்து, எழுதி எழுதியே மீண்டு வந்த பெண்ணைப் பற்றிய ஓராள் நாடகத்துக்குத் தங்கள் ஞாயிறு இணைப்பில் நல்ல விமர்சனம் வந்திருந்தது. நடிகையின் குரல், கண்ணீர், கடைசிக் காட்சியின் கைதட்டல் எல்லாம் இருந்தன. ஆனால் அவள் எதில் எழுதினாள், எங்கே ஒளித்தாள், எழுத எத்தனை நிமிடம் கிடைத்தது என்று ஒரு வரியும் இல்லை. இப்படிப்பட்ட நாடகத்துக்கு உயிரே அதில்தான் இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டு வங்காளத்தில் பின்னாளில் தன் வரலாறு எழுதிய ராஸசுந்தரி தேவி, சைதன்ய பாகவதம் என்ற பக்தி நூலின் ஓர் ஏட்டை அடுப்படியில் ஒளித்து வைத்துத்தான் எழுத்துக்கூட்டப் பழகினார். துவரங்குறிச்சியில் கவிஞர் சல்மா வீட்டார் கண்ணில் படாமல் கழிவறையில் எழுதினார். கவிதைகள் புனைபெயரில் வெளியே போயின. இருவர் வாழ்க்கையும் வேறு வேறு. ஆனாலும் கேட்டவர் மனதில் முதலில் பதிவது அடுப்படியும் கழிவறையும்தான். நம் மேடைகளிலோ திரை விலகியதும் மேசை, மேசைவிளக்கு, தோல் அட்டை போட்ட டைரி! அப்படி உட்கார்ந்து எழுத இடம் கிடைத்திருந்தால் அவளுக்கு ஏன் இந்தப் பாடு?

தினசரி காலண்டர் தாளைப் பயன்படுத்திப் பாருங்கள். கைக்குள் அடங்கும். கிழிக்கும் சத்தம் பத்தாவது வரிசை வரை கேட்கும். முன்பக்கம் ராகு காலம், எமகண்டம். பின்பக்கம் அவள் எழுத்து. தேதி தானாகவே வந்துவிடுவதால் ‘ஆறு மாதம் கழித்து’ என்று புரொஜெக்டரில் போட்டுக் காட்டவும் வேண்டாம். சில காலண்டர்களில் பின்பக்கமும் வைத்தியக் குறிப்பு, பொன்மொழி அச்சடித்திருப்பார்கள். வெற்றாக இருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். நாடகம் ஒருமுறை நடக்க 35 தாள் என்று வைத்தால் பத்து முறையில் ஒரு காலண்டர் தீர்ந்துவிடும். மேலே உள்ள தகட்டை முன்னதாகவே கொஞ்சம் நெகிழ்த்தி வைக்காவிட்டால் பாதித் தாள் கையோடு வரும், மீதி அட்டையிலேயே நிற்கும். அவள் பதறிக் கிழிக்கும் இடத்தில் அப்படி நடந்தால் அரங்கம் சிரித்துவிடும்.

எழுதுவதுபோல் கையை ஆட்டுவதும் வேண்டாம். உண்மையாகவே எழுத வேண்டும். மணிக்கட்டின் அசைவிலேயே பொய் தெரிந்துவிடும். எழுதிக்கொண்டே அதே வரியைச் சொன்னால் வசனம் டிக்டேஷன் வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. முதல் இரண்டு மூன்று சொற்களைப் பேசாமல் எழுதட்டும். கை நின்றதும் வரியைச் சொல்லட்டும். முன்பே பதிவு செய்த குரலை ஓட விட்டுவிட்டு நடிகையை வெறுமனே உட்கார வைப்பது சோம்பேறித்தனம் என்பது எங்கள் கருத்து. நூறு பேர் அமரும் அரங்குக்கு நடிகைக்கு மைக்கே தேவையில்லை. எழுதும் ஒலி வேண்டுமானால், எழுதும் பலகையின் அடியில், அதன் அதிர்வையே ஒலியாக்கும் கான்டாக்ட் மைக் ஒட்டலாம். முந்தானையில் குத்தும் காலர் மைக் துணி உரசும் சத்தத்தைத்தான் கொண்டுவரும்.

வெளிச்சத்திலும் ஒரு சிக்கல் உண்டு. வலக்கையால் எழுதுபவருக்கு வலப்பக்கத்திலிருந்து விளக்கடித்தால் கையின் நிழல் தாளை மூடும். அவருடைய இடப்பக்கத்திலிருந்து, உயரத்திலிருந்து வர வேண்டும். ஜீரோ வாட்ஸ் பல்பு மேடைக்கு அழகுதான், ஆனால் அதில் முகம் தெரியாது. மங்கலான ஆம்பர் (மஞ்சள் கலந்த ஆரஞ்சு) ஸ்பாட் விளக்கு ஒன்றைக் கூடவே கொடுக்க வேண்டும். மலிவான எல்.இ.டி. பல்பை டிம்மரில் போட்டால் குறைக்கும்போது சிமிட்டும்.

கணவனின் குரலை நடிகையே கட்டைக்குரலில் பேசிக் காட்டுவது பெரும்பாலும் எடுபடுவதில்லை. மிமிக்ரி கேட்டுப் பழகிய கூட்டம் சிரிக்கும், அத்தோடு பயம் போய்விடும். அதற்குப் பதில் பைக் வந்து நிற்பதும் ஸ்டாண்ட் போடுவதும் கேட்டால் போதும். அந்த ஸ்பீக்கரை மேடையில் வைக்காமல், பார்வையாளர்களுக்குப் பின்னால், வாசல் பக்கம் வையுங்கள். தலைகள் திரும்பும். அந்த நேரத்தில் அவள் அரிசி டின்னைத் திறந்து தாளைத் திணிக்க வேண்டும். மூடி சத்தம் போடக் கூடாது. அடியை மேடையில் நடித்துக் காட்டவும் வேண்டாம். தன்னைத் தானே அறைந்துகொண்டும் தரையில் விழுந்துகொண்டும் நடிப்பவருக்கு நாலைந்து முறை நாடகம் போடுவதற்குள் கழுத்தும் மணிக்கட்டும் பிடித்துக்கொள்ளும். வலக்கை வீங்கிய பெண் இடக்கையால் கோணல்மாணலாக ஒரு வரி எழுதட்டும். நடந்தது புரியும்.

‘எழுதினாள், விடுதலையானாள்’ என்ற முடிவோடுதான் எங்களுக்கு உண்மையான சண்டை. எழுதினால் மனப்பாரம் குறையும் என்பதற்கு அடிக்கடி காட்டப்படும் 1986ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு கல்லூரி மாணவர்களை வைத்து நடந்தது. எழுதிய கையோடு அவர்களுக்கும் மனம் கனக்கவே செய்தது; பலன் பிறகுதான் தெரிந்தது. அடிப்பவனோடு ஒரே கூரையின் கீழ் இருப்பவளுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. தாள் அகப்பட்டால் அதுவே அடுத்த அடிக்குக் காரணம். அதனால் எழுதியது வீட்டுக்கு வெளியே, நம்பகமான ஒருவரிடம் போய்ச் சேர்வதையும் நாடகம் காட்ட வேண்டும்.

டைரியைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டர் மனம் இளகுவதாக வரும் காட்சியையும் தயவுசெய்து நீக்குங்கள். அவள் எழுதியது மட்டும் என்றால், புனைந்தது என்று எதிர்த்தரப்பு தள்ளிவிடப் பார்க்கும். அதே தேதியில் அரசு மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பி (காயத்தைப் பதியும் விபத்துப் பதிவேட்டின் நகல்) இருந்தால் அந்தத் தாளுக்குக் கனம் கூடும். காலண்டர் தாளில் தேதி இருப்பது இங்கேயும் உதவும். வசனத்தில் இன்னும், கணவனின் கொடுமைக்கான பழைய இந்திய தண்டனைச் சட்டப் பிரிவான ‘498ஏ’ என்றே வருகிறது. 2024 ஜூலை 1 முதல் நடந்தவற்றுக்கு, அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 85ஆம் பிரிவு. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமோ பல நாடகப் பிரதிகளில் கண்ணிலேயே படுவதில்லை. அந்தச் சட்டப்படி மாஜிஸ்திரேட்டிடம் போக முதல் தகவல் அறிக்கை வேண்டியதில்லை. அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலர் மூலமும் மனு கொடுக்கலாம். குடியிருக்கும் வீட்டிலேயே தொடர்ந்து இருக்கவும் உரிமை கேட்கலாம். வீட்டைவிட்டு நடு இரவில் கிளம்புவதுதான் ஒரே வழி என்று மேடை சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

நாடகம் முடிந்த உடனே பார்வையாளரிடம் மைக்கை நீட்டி ‘உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்’ என்று கேட்காதீர்கள். விளக்கை மெதுவாக ஏற்றி, பத்து நிமிடமாவது விடுங்கள். பெண்களுக்கான 181 உதவி எண்ணை வாசலில் நின்று கையில் கொடுப்பதும் சரியல்ல; பக்கத்தில் நிற்பவர் யாரென்று நமக்குத் தெரியாது. பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். அடிப்பகுதியை விரலகலத் துண்டுகளாக வெட்டிவிட்டால் கிழித்து எடுத்துக்கொள்ளலாம். நாடகத்தின் பெயர் அதில் வேண்டாம், எண் மட்டும் போதும். ரவிக்கைக்குள்ளோ பர்ஸின் ஓரத்திலோ மடித்துச் செருகும் அளவுக்கு மெல்லிய தாளாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
நாடக மேடைப் பணியாளர்கள் சிலர்
மதுரை