அண்ணி, அந்தப் புத்தகத்தைக் கொடுத்தது நான்தான்

அன்புள்ள அண்ணி,

பாப்பாவின் பையிலிருந்த 'ஸ்பீக்' நாவலைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டீர்களாம், அண்ணன் சொன்னார். போனில் பேசினால் இரண்டு பேருக்கும் குரல் ஏறிவிடும். அதனால்தான் உங்களிடம் கேட்டுக்கொண்டு இங்கே எழுதுகிறேன்.

நீங்கள் பிரித்த பக்கத்தில் பலாத்காரம் இருந்தது. உண்மைதான். லாரி ஹால்ஸ் ஆண்டர்சன் 1999-இல் எழுதிய கதை அது. ஒன்பதாம் வகுப்புக்குப் போகவிருக்கும் மெலிண்டாவுக்கு, விடுமுறை விருந்து ஒன்றில் மேல்வகுப்புப் பையனால் அது நேர்கிறது. போலீசுக்கு போன் போடுகிறாள், பேச்சு வரவில்லை. போலீஸ் வந்து விருந்து கலைந்ததற்காகப் பள்ளியே அவளை ஒதுக்குகிறது. ஏன் கூப்பிட்டாய் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. என்ன நடந்தது என்பது வெகுநேரம் கழித்துத்தான் முழுதாக வருகிறது. அதுவும் கொஞ்சமாக, அவளுடைய பயத்தின் வழியாக. கிளுகிளுப்பு ஒரு வரியில்கூட இல்லை. மற்றபடி, வாய் திறக்க முடியாத ஒரு பிள்ளை ஓவிய வகுப்பில் ஒரு மரத்தோடு வருஷம் முழுக்க மல்லுக்கட்டுவதுதான் கதை. கடைசியில் அந்தப் பையன் மறுபடி வரும்போது கத்துகிறாள்.

போன பிறந்தநாளுக்கு நீங்களே 'ட்விலைட்' என்ற காதல் நாவலை வாங்கிக் கொடுத்தீர்கள். அதில் முத்தத்தைத் தாண்டி ஒன்றும் இல்லை, சரி. ஆனால் அதன் நாயகன் எட்வர்ட், நாயகி பெல்லாவுக்குத் தெரியாமல் ராத்திரி அவள் அறைக்குள் வந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். தெரிந்ததும் அவளுக்கு உள்ளூரப் பெருமை! நம் தெருவில் ஒருத்தன் அப்படி வந்திருந்தால் அண்ணன் கையைக் காலை உடைத்திருப்பார். அங்கே அதற்குப் பெயர் காதல். பாப்பாவோடு உட்கார்ந்து பேசவேண்டியது அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பிடுங்கச் சொல்லவில்லை; நானும் ஒரே மூச்சில் படித்தவள்தான்.

என் மேலும் தப்பு இருக்கிறது. உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கொடுத்தேன். 13 வயசு என்றால் எல்லாப் பிள்ளையும் ஒன்றல்ல. நாய்க்குட்டி செத்துப்போகிற கதைக்கே இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாதவள் நம் பாப்பா. நான் அதை யோசித்திருக்க வேண்டும்.

பீரோவைத் திறங்கள் அண்ணி. அவளிடம் கொடுக்க அல்ல, நீங்கள் படிக்க. சின்னப் புத்தகம்தான், ஆங்கிலமும் சுலபம். முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். அப்புறமும் வேண்டாம் என்று பட்டால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். அவள் அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட் மட்டும் அதே பக்கத்தில் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்