பாரசீக மரியாதைச் சொற்களை இணையாக அச்சிடுங்கள்

ஆசிரியருக்கு,

பிற மொழிகளில் வணக்கமும் நன்றியும் சொல்லக் கற்றுத்தரும் சிறு பகுதிகள் இதழ்களில் அவ்வப்போது வருகின்றன. பாரசீக மொழியின் முறை வரும்போது அவை பாதியில் நின்றுவிடுகின்றன. முதலில் பேசுபவர் சொல்ல வேண்டியதை மட்டும் அச்சிட்டுவிட்டு, அதற்குரிய மறுமொழியை விட்டுவிடுகிறார்கள். ஈரானில் மரியாதைச் சொற்கள் பெரும்பாலும் இணை இணையாகப் புழங்குபவை. ஒரு பாதி மட்டும் தெரிந்தவர் இரண்டாவது வாக்கியத்திலேயே திணறிப்போவார்.

'சலாம்' எளிது. அதற்குச் சலாமே பதில். தமிழில் 'சலாம் போடுவது' என்றால் பணிந்துபோவது என்ற தொனி உண்டு. பாரசீகத்தில் அது கிடையாது. முஸ்லிம்கள் மட்டுமல்ல, ஆர்மீனியக் கிறிஸ்தவர்களும் யூதர்களும் ஜரதுஷ்டிர சமயத்தினரும் பொது இடங்களில் சொல்வது இதைத்தான். வயதில் இளையவர் முந்திக்கொண்டு சொல்வது முறை. அரபுச் சொல் வேண்டாம் என்று நினைப்பவர்கள் 'தொரூத்' என்பார்கள். காலையில் 'சொப்ஹ் பெஃகெய்ர்' சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் 'ஷப் பெஃகெய்ர்' என்பதை 'மாலை வணக்கம்' என்று அச்சிடுவது தவறு. அன்றாடப் பேச்சில் அது பெரும்பாலும் இரவில் விடைபெறும்போது சொல்வது. வீட்டுக்குள் நுழையும்போதே அதைச் சொன்னால், வந்தவுடன் கிளம்புகிறாரா என்று பார்ப்பார்கள்.

நீ, நீங்கள் என்ற வேறுபாடு பழகிய நமக்கு 'தொ', 'ஷொமா' வேறுபாடு கடினமே அல்ல. பிழை வருவது வேறிடத்தில். நம்மைப் போலவே அவர்களும் பேச்சில் 'நீங்கள்' என்ற சொல்லைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்; மரியாதை விகுதியில்தான் இருக்கிறது. 'ஹாலெத் செத்தொரெ?' என்றால் 'எப்படி இருக்கிறாய்?' 'ஹாலெத்தூன் செத்தொரெ?' என்றால் 'எப்படி இருக்கிறீர்கள்?' அதேபோல 'நலமா?' என்று கேட்க 'ஃகூபி?' நண்பருக்கு, 'ஃகூபித்?' பெரியவருக்கும் புதியவருக்கும். கையேடுகளில் காணும் 'ஹாலெ ஷொமா செத்தொர் அஸ்த்?' எழுத்து வழக்கு. தப்பில்லை, ஆனால் மளிகைக் கடையில் செந்தமிழ் பேசுவது போல ஒலிக்கும். பதில்: 'ஃகூபம், மெர்சி. ஷொமா ஃகூபித்?' ('நலம், நன்றி. நீங்கள் நலமா?') பிரெஞ்சிலிருந்து வந்த 'மெர்சி' தெஹ்ரானில் அன்றாடச் சொல். சற்று முறையாகச் சொல்ல 'மம்னூன்' போதும். திருப்பி நலம் கேட்காமல் 'ஃகூபம்' என்று நிறுத்திக்கொள்வது வெடுக்கென்று இருக்கும்.

பெயரோடு சேர்க்கும் அடைமொழியின் (ஆணுக்கு 'ஆகா', பெண்ணுக்கு 'ஃகானொம்') இடமும் முக்கியம். குடும்பப் பெயர் என்றால் அடைமொழி முன்னால் வரும்: 'ஆகாயெ அஹ்மதி', 'ஃகானொமெ அஹ்மதி'. இயற்பெயர் என்றால் பின்னால்: 'அலி ஆகா', 'மர்யம் ஃகானொம்'. பின்னது நெருக்கம் காட்டுவது. முதல் சந்திப்பில் முன்னதே பாதுகாப்பு.

இனி இணைகள். வேலையில் இருக்கும் எவரையும், கடைக்காரர், ஓட்டுநர், எழுத்தர் யாராயினும், சலாமுக்கு அடுத்து 'ஃகஸ்தெ நபாஷித்' என்று விளிப்பார்கள். 'களைப்படையாதிருங்கள்' என்பது பொருள். இதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டு 'எனக்குக் களைப்பில்லை' என்று பதில் சொல்பவர்கள் உண்டு. சொல்ல வேண்டியது 'சலாமத் பாஷித்', அதாவது 'நலமாயிருங்கள்'. ஒருவர் தேநீரை நீட்டினால் 'தஸ்தெத்தூன் தர்த் நக்கொனெ', உங்கள் கை வலிக்காதிருக்கட்டும். அதற்கு அவர் 'சரெத்தூன் தர்த் நக்கொனெ' என்பார்: உங்கள் தலை வலிக்காதிருக்கட்டும். வீட்டாருக்குச் சலாம் சொல்லச் சொன்னால், வெறுமனே தலையாட்டாமல் 'பொஸொர்கித்தூன் ரோ மிரெசூனம்' என்க. 'உங்கள் பெருமையைக் கொண்டுசேர்க்கிறேன்' என்பது பொருள். முன்னால் அமர்ந்திருப்பவர், உங்களுக்கு முதுகு காட்ட நேர்ந்ததற்காக 'பெபஃக்‌ஷித்' என்று மன்னிப்புக் கேட்டால் பதில்: 'கோல் பொஷ்த்-ஒ-ரூ நதாரெ', பூவுக்கு ஏது முன்புறமும் பின்புறமும்! இத்தனை அழகான மறுமொழி அச்சில் விடுபட்டுப்போவது வருத்தமான விஷயம்.

பணம் கொடுக்கும் இடத்தில் கவனம் தேவை. விலை கேட்டதும் கடைக்காரரோ டாக்சி ஓட்டுநரோ 'காபெல் நதாரெ' என்பார், 'உங்களுக்குத் தரத் தகுந்ததல்ல' என்று. இது 'தஆரொஃப்' என்னும் உபசாரம்; இலவசம் என்று பொருளல்ல. 'ஃகாஹெஷ் மிகொனம்' ('தயவுசெய்து') என்று சொல்லி மீண்டும் விலை கேட்டுக் கொடுத்துவிட வேண்டும். உணவுக்கு அழைத்தாலும் இரண்டு முறை மறுத்துப் பார்த்து, மூன்றாம் முறையும் வற்புறுத்தினால் ஏற்பதே வழக்கம்.

சொல்லோடு உடலும் சேர வேண்டும். பெரியவர் அறைக்குள் வந்தால் எழுந்து நில்லுங்கள். உறவல்லாத ஆணும் பெண்ணும் பொது இடத்தில் கைகுலுக்கும் வழக்கம் ஈரானில் இல்லை. வலக்கையை மார்பில் வைத்துச் சற்றே தலை தாழ்த்தினால் எந்தச் சந்திப்புக்கும் பொருந்தும்.

ஒலிபெயர்ப்பிலும் அக்கறை வேண்டும். இங்கே 'ஃக' என்று எழுதியிருப்பது 'க' அல்ல. தொண்டையின் மேற்புறத்தில் உரசி வரும் ஒலி. 'கூபித்' என்று அச்சிட்டால் வாசகர் அப்படியே சொல்வார். 'ஃகொதா ஹாஃபெஸ்' என்று விடைபெறும்போது கடைசி எழுத்தை வண்டின் ரீங்காரம் போல அதிரச் சொல்ல வேண்டும். தமிழில் அதற்கு எழுத்தில்லாததால் ஒரு வரிக் குறிப்பு அவசியம்.

இவை அனைத்தும் ஈரானின் வழக்கு என்பதையும் தலைப்பிலேயே குறிப்பிடுங்கள். ஆப்கானிஸ்தானின் பாரசீகமான தரி மொழியில் 'ஷொமா' 'ஷுமா' ஆகும், நன்றிக்கு 'தஷக்கொர்', 'ஃகஸ்தெ நபாஷித்' இருக்கும் இடத்தில் 'மாந்தா நபாஷேன்', அதற்குப் பதில் 'ஸிந்தா பாஷேன்'. தஜிகிஸ்தானில் 'சலோம்' என்பார்கள், நன்றிக்கு 'ரஹ்மத்'. காபூலுக்கோ துஷான்பேக்கோ போகும் வாசகர் தெஹ்ரான் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறக் கூடாது.

இப்படிக்கு,
பாரசீக மொழி ஆசிரியர் ஒருவர்