படிவத்தில் ஒரு வரி

மக்ளே,

நேற்று ராத்திரி நீ அமெரிக்காவிலிருந்து போனில் அழாமல் பேசியதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அழுதிருந்தால் உன் அம்மை போனை வாங்கியிருப்பாள். "மூடவில்லை அப்பா, நான் நடத்துகிற யூதவியல் மேஜருக்கு அடுத்த வருஷத்திலிருந்து அட்மிஷனை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்" என்று, பஸ் அரை மணி நேரம் லேட் என்பதுபோலச் சொன்னாய். மேஜர் என்றால் இங்கே நாம் மெயின் என்கிற முதன்மைப் பாடம்தானே. நானும் சரி சரி என்று வைத்துவிட்டேன். சொல்ல வேண்டிய ஒன்று வாய்வரை வந்து நின்றுவிட்டது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நான் வேலை பார்த்த கல்லூரியில் பி.ஏ. தத்துவம் இருந்தது. உனக்கு ஞாபகம் இருக்காது, நீ அப்போது மூன்றாம் வகுப்பு. அந்த வருஷம் 6 பேர்தான் சேர்ந்திருந்தார்கள். முதல்வர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, "சூப்ரண்டு, இந்தத் தடவை அப்ளிகேஷனில் தத்துவத்தை மட்டும் விட்டுவிடும். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்வோம்" என்றார். அச்சகத்துக்குப் போகவிருந்த ப்ரூஃபில் சிவப்பு மையால் ஒரு வரியை அடித்தேன். வேலை முடிந்தது. ஒரு படிப்பை மூட வேண்டுமானால் பல்கலைக்கழகத்துக்கு எழுத வேண்டும், இயக்குநரகத்துக்கு எழுத வேண்டும், ஆசிரியர் சங்கம் வாசலில் வந்து நிற்கும். ஒரு வரியை அடிக்க யாரையும் கேட்க வேண்டாம்.

அடுத்த வருஷம் அச்சகத்துக்கு முந்தைய வருஷப் படிவத்தையே அனுப்பினோம். அதில் தத்துவம் இல்லை. ஏன் இல்லை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. கடைசி செட் பிள்ளைகள் போனதும் வகுப்பறையில் கம்ப்யூட்டர் வந்தது. மூத்த பேராசிரியர் ஓய்வு பெற்றபோது, மாணவரே இல்லாத பாடத்துக்கு ஆள் எதற்கு என்று அந்த இடத்தை நிரப்பவில்லை. அந்த வாதத்தில் ஒரு ஓட்டையும் கண்டுபிடிக்க முடியாது. மாணவர் இல்லாமல் செய்ததே நாங்கள்தான் என்பதைத் தவிர.

உன் அம்மையிடம்கூட இதை நான் முழுசாகச் சொன்னதில்லை.

அதனால்தான் 'நிறுத்தி வைப்பு' என்று நீ சொன்னதும் எனக்குத் திக்கென்றது. உங்கள் பக்கத்து மாநிலமான இண்டியானாவில் 2025இல் இதற்குச் சட்டமே போட்டுவிட்டார்களே. அரசுப் பல்கலைக்கழகத்தில் ஒரு இளங்கலைப் படிப்பில் 3 வருஷச் சராசரியாக வருஷத்துக்கு 15 பேராவது பட்டம் வாங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் படிப்பைத் தொடரத் தனி அனுமதி கேட்க வேண்டும். அந்த ஜூன் மாதக் கடைசிக்குள் 400க்கு மேற்பட்ட படிப்புகளை மூடவோ, நிறுத்தி வைக்கவோ, இன்னொன்றோடு சேர்க்கவோ பல்கலைக்கழகங்களே முன்வந்துவிட்டன. உங்களுக்குச் சட்டம்கூட இல்லை, டீனுடைய கடிதம் மட்டும்தான்.

15 என்ற எண்ணோடு எனக்குச் சண்டை இல்லை. எதை எண்ணுகிறார்கள் என்பதில்தான். உன்னிடம் மேஜர் எடுத்தவர்கள் 4 பேர். ஆனால் உன் வகுப்புகளில் ஒரு செமஸ்டருக்கு 60 பேர் உட்காருகிறார்கள் என்றாய். வரலாறு படிக்கிறவன், நர்ஸ் ஆகப் போகிறவள், பாட்டி பேசிய யித்திஷ் மொழி என்னவென்று தெரிந்துகொள்ள வந்தவன். அத்தனை பேரும் அந்தக் கணக்கில் பூஜ்யம். மிச்சம் பிடிப்பதாவது உண்டா என்றால், நீங்கள் எல்லோரும் வரலாற்றுத் துறையிலும் சமயத் துறையிலும் சம்பளம் வாங்குகிறவர்கள். மேஜரை நிறுத்தினால் யாருடைய சம்பளமும் குறையாது, கையேட்டில் ஒரு பக்கம் குறையும். 34 வருஷம் கல்லூரிக் கணக்கு பார்த்தவன் சொல்கிறேன், இது சிக்கனமே இல்லை.

யூதவியலைத் தொடங்கி வைத்தவர் என்று நீ முன்பு சொன்ன ஜெர்மன் அறிஞர் லியோபோல்ட் சுன்ஸ் நினைவுக்கு வருகிறார். 1848இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் யூத வரலாற்றுக்கும் இலக்கியத்துக்கும் ஓர் இருக்கை, அதாவது தனிப் பேராசிரியர் பதவி, கேட்டு விண்ணப்பித்தார், பிரஷ்ய அரசு மறுத்துவிட்டது. ஹார்வர்டில் யூதவியல் அறிஞர் ஹாரி வுல்ஃப்சனுக்கு இருக்கை கிடைத்தது 1925இல். கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வரலாற்றாசிரியர் சாலோ பாரன் வந்தது 1930இல். நடுவில் எத்தனை வருஷம் என்று நேற்று காலண்டர் பின்பக்கத்தில் கழித்துப் பார்த்தேன், முதல் இருக்கைக்கே 77. கேட்டு வாங்க 77 வருஷம், நிறுத்தி வைக்க ஒரு மின்னஞ்சல்.

இங்கே மாடி வீட்டு மாமாவுக்கு இதைச் சொன்னது என் தப்பு. "காஸாவில் அப்படி நடக்கும்போது யூதப் படிப்பு போனால் என்ன" என்றார். ஒரு மக்களுடைய மூவாயிரம் வருஷத்தைப் படிப்பதும் ஓர் அரசாங்கத்துக்குக் கொடி பிடிப்பதும் ஒன்றா என்று கேட்டேன். அயோவாவில் பிறந்த டேவிட் ஷுல்மன் ஜெருசலேமில் தமிழ் சொல்லிக்கொடுத்தாரே, அவர் நம் ஊர்க் கட்சி எதிலாவது உறுப்பினரா என்றும் கேட்டேன். மாமா ஷுல்மனைக் கேள்விப்பட்டதில்லை. பேச்சு அதோடு மழைக்குப் போய்விட்டது.

உனக்கு இதில் எப்படி இறங்கத் தோன்றியது என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் கொச்சி மட்டாஞ்சேரியைத்தான் சொல்வேன். உனக்குப் 11 வயது. 1568இல் கட்டிய அந்த யூத ஜெப ஆலயத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்ததும், தரையில் பதித்த நீலச் சீன ஓடுகளில் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை என்று யாரோ சொல்ல, நீ தவழ்ந்து தவழ்ந்து சோதித்தாய். யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குச் சேர அரசன் பாஸ்கர ரவி கொடுத்த செப்பேட்டைப் பற்றி அன்றைக்குத்தான் உனக்குச் சொன்னேன். சுமார் 1,000 வருஷம் பழையது, வட்டெழுத்து, 72 உரிமைகள். பகல்விளக்கு, பாவாடை, குடை என்று நான் அடுக்கியபோது பாவாடை என்றதும் நீ சிரித்தாய். தரையில் விரிக்கிற துணி என்று விளக்கியும் நிறுத்தவில்லை. அந்தச் சிரிப்புதான் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து எபிரேய இலக்கணத்தில் போய் முடிந்தது என்று உன் அம்மை இன்னும் என்னைக் குறை சொல்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். குமாஸ்தா புத்தி என்று நினைத்தாலும் பரவாயில்லை. நிறுத்தி வைப்பு எந்தத் தேதிவரை, என்ன நடந்தால் அட்மிஷன் மறுபடி திறக்கும், அதை யார் முடிவு செய்வார்கள், இந்த மூன்றையும் டீனிடம் எழுத்தில் கேள். வாய்ப்பேச்சில் 'பார்த்துக்கொள்வோம்' வந்தால் அது என் பழைய முதல்வர் பேசுகிறார் என்று வைத்துக்கொள். பதில் வராவிட்டாலும் நீ கேட்ட கடிதம் கோப்பில் இருக்கும். இப்போது இருக்கிற 4 பேரும் பட்டம் முடிக்கிறவரை எந்தெந்த வகுப்பு எந்த செமஸ்டரில் நடக்கும் என்பதையும் எழுதி வாங்கு. துணைப்பாடமான மைனர் படிப்பை விட்டுக்கொடுக்காதே. முதல் வருஷ எபிரேயத்தை ஒரு செமஸ்டர்கூட விடாதே. மொழி வகுப்பு ஒரு வருஷம் நின்றால் அடுத்த வருஷம் இரண்டாம் நிலைக்கு ஆள் இருக்காது, பிறகு அதுவே ஒரு காரணமாகிவிடும்.

நன்கொடை திரட்டலாம் என்று உன் சகாக்கள் பேசுவதாகச் சொன்னாய். நல்லதுதான். ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு ஆபத்து வந்தபோது நம்மவர்களும் பணம் திரட்டினார்கள், தமிழ்நாடு அரசும் 1.25 கோடி ரூபாய் கொடுத்தது. ஆனால் பணம் இருக்கையைக் காப்பாற்றும், அதன் எதிரே பிள்ளைகளை உட்கார வைக்காது. அந்த நர்ஸ் பெண்ணை இரண்டாவது வகுப்புக்கும் வரவைப்பது உன் வேலை.

தத்துவப் புத்தகங்களை எடைக்குப் போட்ட அன்று நான் லீவு. வேண்டுமென்றே எடுத்த லீவு.

அம்மை நேந்திரன் சிப்ஸ் பார்சல் போட்டிருக்கிறாள், சுங்கத்தில் பிடிக்காமல் இருந்தால் பத்து நாளில் வரும். அப்புறம், கொச்சி யூதப் பெண்கள் நோட்டில் எழுதி வைத்துப் பாடிய மலையாளப் பாட்டு ஒன்றை உன் 4 பேரில் ஒருத்தி கற்றுக்கொண்டு பாடினாள் என்றாயே, அதை ரெக்கார்டு பண்ணி அனுப்பு. உச்சரிப்பு சரியா என்று அம்மை கேட்டுச் சொல்கிறாளாம்.

அப்பா