ஒரு 'கேள்', மூன்று வினை

ஆர்.கே.புரம், புது தில்லி

அன்பு மகனுக்கு,

போன ஞாயிறு நீ போனில் சொன்னது இன்னும் மனதை உறுத்துகிறது. மாட்ரிட்டில் காபிக் கடையில் ஒரு காபி கேட்க ஸ்பானிஷில் 'பிரெகுன்தோ உன் கஃபே' என்றாயாம், பின்னால் நின்றவர்கள் சிரித்தார்களாம். அதிலிருந்து கடையில் வாய் திறக்கவே கூச்சமாக இருக்கிறது என்றாய். நீ போன பிறகு நானும் ஹனுமான் ரோடு செர்வாந்தேஸ் நிலையத்தில் ஸ்பானிஷ் மாலை வகுப்புக்குப் போகிறேன் இல்லையா, அந்த உரிமையில் எழுதுகிறேன்.

1991-இல் கல்யாணமாகி கரோல்பாக் வந்த புதிதில், உறை ஊற்றத் தயிர் இல்லாமல் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாவிடம் போனேன். தயிர் கேட்க வந்தேன் என்பதாக 'தஹி பூச்னே ஆயி ஹூ(ன்)' என்றேன். 'பூச்சோ', அதாவது கேள் என்று சொல்லிவிட்டு, தயிரைப் பற்றி நான் என்ன விசாரிக்கப் போகிறேன் என்று அவர் காத்திருந்தார். நான் சொல்லியிருக்க வேண்டியது 'மாங்னே'. நம் தமிழில் விலை கேட்டாலும், கடன் கேட்டாலும், பாட்டு கேட்டாலும் எல்லாமே கேட்பதுதான். இந்தி அதை மூன்றாகப் பிரிக்கிறது: பூச்னா, மாங்னா, சுன்னா. ஸ்பானிஷும் அப்படியே. விவரம் கேட்டால் பிரெகுன்தார், பொருளோ உதவியோ கேட்டால் பெதிர், பாட்டு கேட்டால் எஸ்குச்சார். நீ தில்லியில் வளர்ந்த பிள்ளை. 'ஆஸ்க்' என்று ஆங்கிலத்தில் யோசிக்காதே. இந்தியில் மாங்னா வரும் இடமா என்று பார். காபிக்கு மாங்னாதானே? அப்படியானால் பெதிர். 'நான் கேட்கிறேன்' என்னும்போது 'பிதோ' என்று எகரம் இகரமாகிவிடும், 'நாங்கள்' என்னும்போது 'பெதிமோஸ்', 'நீங்களெல்லாம்' என்னும்போது 'பெதீஸ்', இந்த இரண்டிலும் எகரம் அப்படியே நிற்கும். அப்புறம் ஒன்று, கேள்வியை அவர்கள் 'கேட்பதில்லை', 'செய்கிறார்கள்': ஆசேர் ஊனா பிரெகுன்தா.

'இரு' என்பதற்கு ஸ்பானிஷில் செர், எஸ்தார் என்று இரண்டு வினை இருக்கிறதே, அந்த விஷயத்தில் இந்தி கைகொடுக்காது, அங்கே எல்லாம் 'ஹை'தான். இங்கே தமிழைப் பிடித்துக்கொள். 'அவர் டாக்டர்' என்று வினையே இல்லாமல் சொல்கிறோமே, அது செர். 'அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்' என்றால் எஸ்தார். நிரந்தரமானால் செர், தற்காலிகமானால் எஸ்தார் என்று பலர் சொல்லித் தருகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. மாட்ரிட் ஸ்பெயினில் இருப்பது தற்காலிகமா? அதற்கும் எஸ்தார்தான். இறந்தவருக்கும் 'எஸ்தா முவேர்தோ' என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் 'வீடு பெரிசா இருக்கு' என்று நாம் சொல்லும் இடத்தில் அவர்களுக்கு செர் வரும், அங்கே கவனம். செர் போட்டு 'எஸ் லிஸ்தோ' என்றால் புத்திசாலி, எஸ்தார் போட்டு 'எஸ்தா லிஸ்தோ' என்றால் தயார். இந்த ஒரு ஜோடியை மனப்பாடம் செய்துகொள்.

எனக்கு இன்னும் நாக்கில் ஒட்டாதது 'யா வோய்'. யாராவது கூப்பிட்டால் 'இதோ வரேன்' என்போம், அவர்கள் 'இதோ போகிறேன்' என்கிறார்கள். வகுப்பில் என் பெயரைக் கூப்பிட்டால் 'பெங்கோ', அதாவது 'வருகிறேன்' என்றே வாயில் வருகிறது. வீட்டை விட்டுக் கிளம்பும்போதுகூட 'போகிறேன்' என்று சொல்லாமல் 'போயிட்டு வரேன்' என்றே வளர்ந்தவர்கள் நாம், கொஞ்ச நாள் ஆகும்.

நாளைக்கு அதே கடைக்குப் போ, கண்ணா. வேறு கடைக்குப் போகாதே. 'பிதோ' கூட வேண்டாம், 'உன் கஃபே, போர் ஃபவோர்', ஒரு காபி, தயவுசெய்து என்றாலே போதும். குடித்துவிட்டு எனக்கு போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா