கட்டிலுக்கு அடியில் பன்னிரண்டு செங்கற்கள்

வேலூரின் மழைநீர் வடிகால்களுக்கும் பாலாற்றங்கரைக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நிக்கல்சன் கால்வாயைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அது எங்கே அடைத்துக்கொள்கிறது, மழை வலுத்தால் கன்சால்பேட்டையில் யார் வீட்டுக்குள் நுழைகிறது என்பதெல்லாம் உங்கள் கோப்புகளில் இருக்கும். 2024 நவம்பர் இறுதியில், ஃபெஞ்சல் புயல் மழையில், எங்கள் தெருமுனையில் பக்கச்சுவர் சரிந்தது. மணல் மூட்டைகளை அடுக்கிவிட்டுப் போனீர்கள், நன்றி. அந்த மூட்டைகள் வெயிலில் நைந்து கிழிந்து, மணல் கால்வாய்க்குள்ளேயே கொட்டிக் கிடக்கிறது. சுவர் இன்னும் வரவில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் அந்தச் சுவரைக் கட்டித் தாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

என் அம்மாவுக்கு 78 வயது. பக்கவாதத்தில் இடது கால் விழுந்துவிட்டது. அவர் கட்டிலின் ஒவ்வொரு காலுக்கும் அடியில் மூன்று செங்கற்கள் வைத்திருக்கிறோம். முதலில் இரண்டுதான். ஃபெஞ்சல் இரவில் டார்ச் அடித்துப் பார்த்தபோது இரண்டாவது செங்கல் முழுகியிருந்தது. மூன்றாவதைச் செருக, அக்கம்பக்கத்துப் பையன்கள் நான்கு பேர் அம்மாவோடு சேர்த்துக் கட்டிலைத் தூக்கினார்கள். அந்த நேரத்தில் ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துவிட்டதால், பிறகு செங்கற்களை எடுக்கவே இல்லை. சித்திரை வெயிலிலும் அவை அங்கேதான் இருக்கின்றன. கட்டில் உயர்ந்துபோனதால் அம்மாவின் கால் தரையில் படுவதில்லை. முன்பெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு தானே கழிப்பறைக்குப் போய்விடுவார். இப்போது இரவில் என்னைக் கூப்பிட வேண்டும். கூப்பிட வெட்கப்பட்டு, மாலை ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். வெள்ளச் சேதக் கணக்கெடுப்பில் இதற்கு ஒரு கட்டம் இருக்கிறதா என்று தெரியவில்லை.

தூர்வாருகிறீர்கள், மறுக்கவில்லை. அள்ளிய சேற்றைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போகிறீர்கள். முதல் மழையில் அது வந்த வழியே உள்ளே போய்விடுகிறது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டதில் எங்கள் வாசற்படி தெருவுக்குக் கீழே இறங்கிவிட்டது. பாலாற்றில் வெள்ளம் வந்தால் கால்வாய் நீர் ஆற்றில் இறங்க வழியில்லாமல் எங்கள் பக்கம் எதிர்த்து ஏறுகிறது. ஆகவே சுவரை மட்டும் கட்டிப் பயனில்லை. கால்வாய் ஆற்றில் சேரும் இடத்தில் அரித்துப்போன கரையையும் கட்ட வேண்டும்.

நீரில்லாத ஆறு, சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை என்று எங்கள் ஊரைக் கேலி செய்வார்கள். 1981இல் கோட்டைக் கோயிலுக்குச் சாமி திரும்பிவிட்டார். 2021 நவம்பரில் ஆற்றுக்கும் தண்ணீர் வந்தது, கரை கொள்ளாமல். அகழி நீர் கோயிலுக்குள்ளும் புகுந்தது. அவர் பெயரே ஜலகண்டேஸ்வரர், பழகியிருப்பார். எங்களுக்குப் பழகவில்லை. 2016இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலிலும் ஊர் சேர்ந்தாயிற்று. அந்த ஸ்மார்ட் எங்கள் தெருமுனை வரை வரும்போது யாராவது சொல்லி அனுப்பினால், வாசலில் கோலம் போட்டு வைக்கிறோம்.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். நீங்களும் மழையில் நனைந்துகொண்டு நின்றதைப் பார்த்தவன்தான் நான். ஐப்பசி பிறப்பதற்குள் அந்தச் சுவரைக் கட்டித் தாருங்கள், கரையைப் பலப்படுத்துங்கள், அள்ளும் சேற்றை அன்றைக்கே லாரியில் ஏற்றி அப்புறப்படுத்துங்கள். பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

செங்கல் போதவில்லை என்றால் சொல்லுங்கள். சுவர் எழும்பிய அன்றே எங்கள் வீட்டிலிருந்து பன்னிரண்டு தருகிறோம்.

இப்படிக்கு,
கன்சால்பேட்டைவாசி ஒருவன்